கம்பிக்கூட்டைக் கழற்றியவன்

அவர் கையைப் பெல்ட் இழுத்த காலையில் அந்தப் பெல்ட்டின் கம்பிக்கூடு கழற்றிக் கிடந்தது. கழற்றச் சொன்னவன் நான். அதை மாட்டாமலே மெஷினை ஓட்டச் சொன்னவனும் நான். பிறகு, தொழிலாளி தன் விருப்பப்படி கூட்டைக் கழற்றினார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவனும் நான்தான். யாரும் என்னை மிரட்டவில்லை. வயதான பிறகு எதையெதையோ மறந்துவிட்டேன். இதை மட்டும் மறக்க முடியவில்லை.

அப்போது அறுபதுகளின் பிற்பகுதி. எனக்கு முப்பத்து நாலு வயது. பதுளையில் ஆங்கிலப் பள்ளியில் படித்தவன். அப்பா அங்கே பஜாரில் தையற்கடை வைத்திருந்தார். படிப்பு எனக்குத் தோட்டத்தில் உத்தியோகம் வாங்கிக் கொடுத்தது. ஹாலிஎலைக்கு மேலே, நமுனுகுல மலை தெரிகிற ஒரு தோட்டத்தில் டீமேக்கர். தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் பக்கத்தில் ஸ்டோர் என்பார்கள். பச்சைக் கொழுந்து உள்ளே வந்தது முதல் தேயிலையாகப் பெட்டியில் ஏறும்வரை எல்லாம் டீமேக்கரின் பொறுப்பு. தோட்ட நிர்வாகியான பெரிய துரைக்கு அடுத்தபடி அந்தக் கட்டடத்துக்குள் என் சொல்தான்.

பெல்ட் கையை இழுத்த அந்தத் தொழிலாளி ரோலர் அறையில் வேலை செய்தார். வாடிய கொழுந்தை அமுக்கிச் சுருட்டுகிற வட்டமான பெரிய இயந்திரம்தான் ரோலர். எங்களிடம் ஐந்து இருந்தன. ஒவ்வொன்றுக்கும் அவர் பட்டப்பெயர் வைத்திருந்தார். ஓயாமல் முனகிக்கொண்டிருந்த பழைய ரோலருக்குப் பெயர் மாமியாள். "ஐயா, மாமியாளுக்கு இன்னிக்கு ஒடம்பு சரியில்லீங்க, எண்ணெய் காட்டணும்" என்று வந்து நிற்பார். போய்ப் பார்த்தால் உண்மையாகவே ஏதாவது காய்ந்திருக்கும். என்னைவிட மூன்று வயது மூத்தவர். இங்கே அவர் என்று எழுதுகிறேன். அப்போது நேரில் நீ என்றுதான் சொன்னேன். அவர் மனைவியும் ஸ்டோரில்தான் வேலை. சலித்த தேயிலையிலிருந்து குச்சி பொறுக்குகிற பெண்களில் ஒருத்தி.

கூரையை ஒட்டி ஓடும் நீண்ட இரும்புத் தண்டிலிருந்து ஒவ்வொரு ரோலருக்கும் ஓர் அகலமான பெல்ட் இறங்கும். அதைச் சுற்றி ஆள் உயரத்துக்குக் கம்பிக்கூடு இருக்கும். வருடம் முழுக்க அதை யாரும் தொடமாட்டார்கள், ஆயுத பூசைக்கு மட்டும் தவிர. பூசைக்கு முதல் நாள் மத்தியானத்தோடு இயந்திரங்களை நிறுத்தி, எல்லாக் கூடுகளையும் கழற்றி, சோடா போட்டுத் தேய்த்து, பச்சைப் பெயின்ட் அடித்து வெளியே சாய்த்து வைப்போம். கூடு இல்லாமல் வெறுமனே நிற்கிற சக்கரங்களுக்கும் தண்டுகளுக்கும் சந்தனம், குங்குமம், செவ்வந்தி மாலை. சாமியின் பார்வை சக்கரத்தில் நேராக விழவேண்டும் என்று சொல்வார்கள். நான் வருவதற்கு முன்பிருந்தே அப்படித்தான் நடந்து வந்தது. பெயின்ட்டும் பொங்கல் அரிசியும் தோட்டமே கொடுக்கும்.

அந்த வருடம் பூசைக்கு முதல் நாளிலிருந்தே மழை. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் துணியே காயாது, பெயின்ட் எங்கே காயப்போகிறது? பூசை முடியும்போது காலை பத்து மணி தாண்டிவிட்டது. கொழுந்தை வாடப் போடும் மாடியில் முந்திய நாள் கொழுந்து அளவுக்கு மேல் வாடிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு மணிநேரம் விட்டால் கருகிய நெடி வந்துவிடும். நெற்றியில் குங்குமமும் கழுத்தில் மாலையுமாகப் பெரிய துரை ரோலர் அறையைச் சுற்றி வந்தார். சக்கரங்கள் பளபளவென்று இருக்கின்றன என்று பாராட்டினார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "கொழுந்து காத்திருக்காதே, டீமேக்கர்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போனார்.

நான் ஓட்டச் சொன்னேன்.

"ஐயா, கூடு இன்னும் மாட்டலீங்களே" என்றார் அவர்.

"பெயின்ட் காயல. இப்ப மாட்டினா கை பட்ட எடமெல்லாம் உரிஞ்சிரும். சாயந்தரம் மாட்டிக்கலாம்."

"அதுவரைக்கும் சாமி பாத்துக்குமுங்கிறீங்க."

"இப்பத்தானே தேங்காய் ஒடச்சோம்?"

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அறையிலிருந்த எல்லாரும் சிரித்தார்கள்.

அரைமணி நேரம் கழிந்திருக்கும். ரோலரின் அதிர்வில் அதற்குப் போட்டிருந்த மாலை மெல்ல மெல்ல நழுவிப் பெல்ட் பக்கம் இறங்கியது. சாமிக்குப் போட்ட மாலை கால் படுகிற இடத்தில் விழக்கூடாது என்று யாரும் சொல்லிக்கொடுக்காமலே நாமெல்லாம் தெரிந்துவைத்திருப்போம். அவர் கையை நீட்டி அதைப் பிடித்தார். நூலில் கட்டிய மாலையாக இருந்திருந்தால் அறுந்திருக்கும். அது வாழைநாரில் கட்டியது. பெல்ட் மாலையை இழுத்தது, மாலை கையை இழுத்தது. கூடு இருந்திருந்தால் மாலை கம்பியில் தங்கியிருக்கும். கொழுந்து லொறியில் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது.

இரண்டு நாள் கழித்துப் பெரிய துரை என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். நல்ல மனிதர். என் மனைவியின் பிரசவத்துக்கு நடு மழையில் தன் காரைக் கொடுத்தவர். அரசாங்கத் தொழில் திணைக்களத்துக்கு அனுப்பவேண்டிய படிவம் மேசைமேல் இருந்தது. அதிலிருந்த ஒரு கேள்வியை விரலால் காட்டினார். பாதுகாப்புக் கவசம் இருந்ததா, இல்லையென்றால் அதை அகற்றியது யார்?

"வேலையாள் தானாக அகற்றியிருந்தால் தோட்டத்துக்குப் பொறுப்பில்லை" என்றார். "தோட்டம் அகற்றியிருந்தால், ஸ்டோருக்குள் தோட்டம் என்பது நீர்தான். நீரே யோசித்து எழுதும்."

அவர் சொன்னது அவ்வளவுதான். பொய் எழுது என்று சொல்லவில்லை. வெளியே போய் ஒரு சிகரெட் பிடித்துவிட்டு வந்தார். அவர் வருவதற்குள் நான் எழுதி முடித்திருந்தேன். நழுவிய மாலையை எடுப்பதற்காகத் தொழிலாளி தானே கம்பிக்கூட்டைக் கழற்றிக் கையை உள்ளே விட்டார் என்று எழுதினேன். மாலை உண்மை, கை உண்மை, கூடு இல்லாததும் உண்மை. பொய்க்கு அதிகம் சிரமப்பட வேண்டியிருக்கவில்லை.

படிவத்தில் அவருடைய கைநாட்டும் வேண்டியிருந்தது. மை டப்பாவை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மனைவி கட்டிலோரம் நின்றாள். என்னைக் கண்டதும் அவர் எழுந்து உட்காரப் பார்த்தார்.

"ஆம்பளைக்கு எடது கைநாட்டு தானுங்களே? அது பத்திரமா இருக்குங்க" என்றார். பேச்சில் பழைய கேலி இருந்தது. பெருவிரலை நானே பிடித்து மையில் தோய்த்தேன்.

"என்னாங்கய்யா எழுதியிருக்கு?"

"நடந்ததுதான்."

"நீங்க எழுதுனா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு விரலை அழுத்தினார்.

எனக்கு இன்றுவரை பொறுக்கமுடியாதது அந்த வார்த்தைதான்.

மூன்று மாதத்தில் பதில் வந்தது. விபத்துக்கு அவரே காரணம், தோட்டம் ஒன்றும் கொடுக்கத் தேவையில்லை. ஒரு கையால் செய்யக்கூடிய வேலை இல்லை என்று சொல்லித் தொழிலாளர் பேர் இருக்கும் செக்ரோலிலிருந்தும் அவர் பேரை வெட்டினார்கள். தோட்டத்தில் பேர் வெட்டுப்படுவது என்றால் காலையில் பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிடும்போது அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுவார்கள். மனைவியின் பேரில், லயம் என்கிற வரிசைவீட்டில் ஓர் அறை, ஒரு காம்பிரா மட்டும் மிஞ்சியது. அதற்குப் பிறகும் அவர் கொஞ்ச நாள் பெரட்டுக்குப் போய் ஓரமாக நின்றிருக்கிறார். "பழக்கத்துல கால் வந்திருச்சுங்க" என்பாராம்.

வந்த கடிதத்தைத் தொழிற்சங்கத் தலைவர் லயத்து வாசலில் வாசித்துத் தமிழில் சொல்லியிருக்கிறார். அடுத்த நாள் குச்சி பொறுக்கும் அறையில் நான் நுழைந்தபோது அவர் மனைவி எழுந்து நின்றாள். மற்றப் பெண்கள் கையை நிறுத்தவில்லை, தலையையும் நிமிர்த்தவில்லை.

"கூட்டை அவுத்தது அவராங்கய்யா?"

"ரிப்போர்ட்ல அப்படித்தான் இருக்கு."

"ரிப்போர்ட்டு தானா மொளச்சதுங்களா?"

 என்னைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள். அதற்குப் பிறகு ஏழு வருடம் அவள் எனக்குக் கீழே வேலை செய்தாள். ஒரு நாள் பிந்தவில்லை. "வந்திட்டேங்க", "முடிஞ்சுதுங்க" என்ற இரண்டு சொல்லுக்கு மேல் என்னோடு பேசவுமில்லை. அவர் லயத்துக்குப் பின்னால் ஒரு கையால் கொத்திக் கிழங்கும் கீரையும் போட்டார். பாதையில் கண்டால் ஓரமாக ஒதுங்கி நிற்பார். கேலி போய்விட்டது.

ஸ்டோரில் நான் ஒன்று செய்தேன். அடுத்த வருடத்திலிருந்து பூசைக்குக் கூடுகளைக் கழற்ற விடவில்லை. மாலையைக் கூட்டின் வெளியே போடச் சொன்னேன். ஒவ்வொரு பூசைக்கும் முன்னால் ஆட்களைக் கூட்டி வைத்து எச்சரிக்கையும் செய்தேன். அதில் ஒரு வசனம் எப்போதும் வரும்: "கூட்டுல கை வைக்காதீங்க. வச்சவன் கதி என்னான்னு ஒங்களுக்கே தெரியும்." ஆட்கள் தலையாட்டுவார்கள். விபத்து நடக்காமல் பார்த்துக்கொள்கிறேன் என்று எனக்கு ஒரு திருப்திகூட இருந்தது.

எழுபதுகளின் நடுவில் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது. கம்பெனி போயிற்று, பழைய துரையும் போனார். புதிதாக வந்தவர் இளவயதுக்காரர், எதையும் கேட்டுத் தெரிந்துகொள்கிறவர். முதல் ஆயுத பூசைக்கு வந்தபோது, மற்றத் தோட்டங்களில் கழற்றுகிறார்களே, இங்கே ஏன் கூடுகளோடு பூசை என்று கேட்டார். நான் வழக்கம்போலச் சொல்ல ஆரம்பித்தேன். முன்பு இங்கே ஒரு தொழிலாளி கவனமில்லாமல் தானே கூட்டைக் கழற்றி...

தட்டில் பொங்கலை எடுத்துக்கொண்டு அந்தத் தொழிலாளியின் மனைவி எங்களுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். துரைக்குக் கொடுத்தாள். எனக்கும் கொடுத்தாள். அவள் முகத்தில் எதுவும் மாறவில்லை. இந்தக் கதையை அவள் வருடாவருடம் கேட்டவள். பாதுகாப்பு என்ற பேரில் நானே ஆட்களைக் கூட்டி, அவள் கண்முன்னால், அந்தப் பொய்யைப் புதுப்பித்து வந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. கதையை நான் பாதியில் விட்டேன். துரை மீதியைக் கேட்கவில்லை.

அடுத்த வாரம் பஸ் ஏறிப் பதுளைக்குப் போய்த் தொழில் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தேன். கூட்டைக் கழற்றச் சொன்னவன் நான், மாட்டாமல் ஓட்டச் சொன்னவன் நான், பொய் எழுதியவன் நான். லேபர் ஆபீசர் பதுளையிலேயே வளர்ந்த சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார். படித்துவிட்டு நிமிர்ந்து, "ஏழு வருசமா என்ன செய்துகொண்டிருந்தீங்க?" என்று கேட்டார். வேலை செய்துகொண்டிருந்தேன் என்றேன். 

ஒரு மாதம் கழித்துத் தோட்டத்து ஆபீசில் விசாரணை. ஆபீசர், புதிய துரை, நான். கை இழந்த அவரையும் அவர் மனைவியையும் கூப்பிட்டிருந்தார்கள். அவர் வெள்ளைச் சட்டை போட்டு, மொட்டைக் கை தெரியாமல் வலது சட்டைக்கையை மடித்து ஊசி குத்தியிருந்தார். என் வாக்குமூலத்தை ஆபீசர் தமிழில் வாசித்தார். கேட்டுக்கொண்டிருந்த துரையின் முகம் தெளிந்தது.

"அப்படியானால் விஷயம் முடிந்தது" என்றார் துரை. "இது டீமேக்கர் சொந்தமாகச் செய்த குற்றம். தோட்டம் உத்தரவு கொடுக்கவில்லை. இவர் மீது நான் நடவடிக்கை எடுக்கிறேன்."

அது நியாயம் என்றே எனக்குப் பட்டது. எந்தத் தண்டனைக்கும் தயாராகத்தான் வந்திருந்தேன். அவர்தான் இடது கையைத் தூக்கினார்.

"நான் ஒண்ணு கேக்கலாமுங்களா?"

ஆபீசர் கேளுங்கள் என்றார்.

"மொத நான் அவுத்தேன்னு எழுதினாங்க, தோட்டம் தப்பிச்சுச்சு. இப்ப ஐயா அவுக்கச் சொன்னாருங்கிறாரு, இப்பவும் தோட்டம் தப்பிச்சிருச்சு. அப்ப நான் யாருகிட்டங்க வேலை செஞ்சேன்? ஐயா வீட்டுலயா?"

"ஐயா வீட்டு அடுப்பாங்கரையில பெல்ட்டு ஓடிச்சாக்கும்" என்றாள் மனைவி, யாரையும் பார்க்காமல்.

ஆபீசர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, அன்றைக்குப் பெரிய துரை எங்கே இருந்தார் என்று கேட்டார்.

என் வாக்குமூலத்தில் பழைய துரை இல்லை. வேண்டுமென்றே விட்டிருந்தேன். எனக்கு நல்லது செய்த மனிதர், என் பாவத்தை நானே சுமக்கவேண்டும் என்று நினைத்தேன். அதைப் பெருந்தன்மை என்றும் நினைத்தேன். அந்தத் தொழிலாளி ஒற்றைக் கையைத் தூக்கிக் கேட்கும்வரை, அதுவும் தோட்டத்துக்கு நான் செய்கிற இன்னொரு ஊழியம் என்று எனக்கு விளங்கவில்லை. முன்பு அவரைக் கொடுத்துத் தோட்டத்தைக் காப்பாற்றினேன். இப்போது என்னைக் கொடுத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

மீதியைச் சொன்னேன். பழைய துரை ரோலர் அறையில் நின்றதை, கூடு இல்லாத சக்கரங்களைப் பாராட்டியதை, கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னதைச் சொன்னேன். ஒவ்வொரு வருடமும் கழற்றுவது தோட்டத்துக்குத் தெரிந்தே நடந்தது, பெயின்ட் தோட்டத்தினுடையது என்றேன். படிவத்தை வைத்துக்கொண்டு ஆபீசில் நடந்த பேச்சையும் சொன்னேன். ஆபீசர் எல்லாவற்றையும் எழுதினார். அங்கே இருந்தவர்களில் இதை முன்பே அறிந்தவர்கள்போல் உட்கார்ந்திருந்தவர்கள் அவர்கள் இருவரும்தான்.

வெளியே வந்ததும் அவர்முன் நின்று மன்னிப்புக் கேட்டேன். முதன்முறையாக நீங்கள் என்றேன். அவர் சங்கடத்தோடு மனைவியைப் பார்த்தார்.

"மன்னிக்கிறதுக்கு எங்களுக்கு நேரம் வேணுங்க" என்றாள் அவள். "நீங்க எழுதுறதுக்கே ஏழு வருசம் எடுத்தீங்களே."

முடிவு வர ஐந்து மாதம் ஆயிற்று. நிர்வாகத்தின் ஏற்பாட்டின்படியே கூடு கழற்றப்பட்டது, தொழிலாளி மீது தவறில்லை என்று எழுதியிருந்தார்கள். நட்டஈடு கேட்கும் காலம் கடந்துவிட்டது, கேட்பதற்குப் பழைய கம்பெனியும் இல்லை. ஆனால் அவர் பேரைத் திரும்பச் செக்ரோலில் சேர்த்து, கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் காவல் வேலை கொடுக்கவேண்டும். சேர்த்தார்கள், அன்றைய தேதியிலிருந்து. போன ஏழு வருடத்தைப் பற்றி அந்தத் தாளில் ஒரு சொல்லும் இல்லை. என்னைப் பதவி இறக்கி, வெலிமடைக்கு அந்தப்பக்கம் ஒரு சின்ன ஸ்டோருக்கு உதவி டீமேக்கராக மாற்றினார்கள். நான் மறுத்து எழுதவில்லை.

புறப்பட்ட காலையில் மடுவத்தைத் தாண்டித்தான் பஸ்ஸுக்கு நடக்கவேண்டும். அவர் காக்கிச் சட்டையோடு பலகையில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் பழக்கத்தில் பாதி எழுந்தார். பிறகு, ஏதோ நினைத்துக்கொண்டவர்போல மறுபடியும் உட்கார்ந்துகொண்டார். போய்வருகிறேன் என்றேன்.

"அங்க போனதும் மொத வேலையா கூடெல்லாம் மாட்டியிருக்கான்னு பாருங்க" என்றார். குரலில் கோபமும் இல்லை, நட்பும் இல்லை.

போய்ப் பார்த்தேன். இரண்டு ரோலருக்குக் கூடே இல்லை. கேட்டால், அது உடைந்து வருடக்கணக்காயிற்று என்றார்கள். கூடு வரும்வரை அந்த இரண்டையும் ஓட்டமாட்டேன் என்று டீமேக்கரிடம் சொன்னேன். அன்றைக்கே ஒரு பகுதிக் கொழுந்து மாடியில் கருகிப் போனது. அதற்கு யார் பொறுப்பு என்று அந்தத் தோட்டத்துத் துரை எழுதிக் கேட்டார். நான் நிறுத்தினேன் என்று முதல் வரியில் எழுதினேன். கூடு இல்லாமல் ஆட்களை வேலைக்கு விட்டது தோட்டம் என்று இரண்டாவது வரியில் எழுதினேன். இரண்டு வரியையும் தமிழிலும் எழுதி, ரோலர் அறைச் சுவரில் ஒட்டினேன். சாயந்தரத்துக்குள் யாரோ அதைக் கிழித்துவிட்டார்கள். கூடுகள் மட்டும் அடுத்த மாதம் வந்தன.